இடுக்கில் எழும் ஓசை

திருச்சிராப்பள்ளிக்கு மேற்கே, முக்கொம்பில் நின்று காவிரியைப் பார்த்தவர்களுக்கு ஓர் உண்மை தெரிந்திருக்கும். மேலணைக்கு மேற்புறத்தில் அகன்று விரிந்து வரும் ஆறு ஓசையின்றி வருகிறது. மதகுகள் முழுவதும் அடைக்கப்பட்டிருந்தால் அவற்றின் கீழ்ப்புறத்திலும் ஓசை இல்லை. மதகுப் பலகை சற்றே உயர்த்தப்பட்டு, அந்த இடுக்கின் வழியே நீர் பீறிட்டுப் பாயும்போதுதான் இரைச்சல் எழுகிறது. அகலமும் மௌனம், அடைப்பும் மௌனம். இரண்டுக்கும் இடைப்பட்ட குறுக்கம் மட்டுமே பேசுகிறது.

மனித உடலில் ரத்தத்தைச் சுமந்து செல்லும் தமனிகளிலும் நடப்பது இதுதான். இந்த எளிய உண்மையைத் தன் காதால் கேட்டு, அதையே ரத்த அழுத்தத்தை அளக்கும் வழியாக்கியவர் நிகோலாய் செர்கேயெவிச் கொரோட்கோவ் என்ற ரஷிய அறுவை மருத்துவர். மருத்துவக் கல்லூரியின் தொடக்க ஆண்டுகளிலேயே ஒவ்வொரு மாணவரும் அவர் பெயரைப் படித்துவிடுகிறார். பொதுமக்களில் பலருக்கு அந்தப் பெயர் தெரியாது. ஆயினும் அவர் காட்டிய முறைக்குத் தம் கையை ஒரு முறையேனும் நீட்டாத பெரியவர்கள் நம்மிடையே மிகக் குறைவு.

குழந்தைகளின் நிலை வேறு. அவர்களுடைய கைகளில் அந்தப் பட்டை சுற்றப்படுவது அரிது. கொரோட்கோவின் வாழ்க்கையை இன்று நினைவுகூர வேண்டியதற்குக் காரணம் அதுவே.

1874-ஆம் ஆண்டு பிப்ரவரி மாதம், ரஷியாவின் குர்ஸ்க் நகரில் ஒரு வணிகக் குடும்பத்தில் பிறந்தவர் கொரோட்கோவ். மாஸ்கோ பல்கலைக்கழகத்தில் மருத்துவம் பயின்று 1898-இல் பட்டம் பெற்றார். அறுவைச் சிகிச்சைத் துறையில் பயிற்சி மருத்துவராகச் சேர்ந்த அவருக்கு அமைதியான வாழ்க்கை வாய்க்கவில்லை. 1900-இல் சீனாவில் பாக்ஸர் கிளர்ச்சி மூண்டபோது, செஞ்சிலுவைச் சங்கத்தின் மருத்துவக் குழுவோடு தொலைகிழக்குக்குப் புறப்பட்டார். காயமுற்ற வீரர்களுக்கு ஆற்றிய பணிக்காக அவருக்கு அரசின் விருதும் கிடைத்தது.

அங்கிருந்து அவர் தாயகம் திரும்பிய வழி நமக்குச் சுவையானது. ஜப்பான், சிங்கப்பூர், இலங்கை ஆகியவற்றைத் தொட்டு, சூயஸ் கால்வாய் வழியாகக் கருங்கடலை அடைந்தது அவர் பயணம். இருபத்தேழு வயதுகூட நிரம்பாத, உலகம் அறியாத அந்த இளைஞர், தமிழகக் கரைக்கு வெகு அருகே கடந்து சென்றிருக்கிறார்.

1903-இல், தன் ஆசிரியர் பேராசிரியர் ஃபியோதரோவைப் பின்தொடர்ந்து செயின்ட் பீட்டர்ஸ்பர்க் நகரின் ராணுவ மருத்துவக் கழகத்தில் சேர்ந்தார். அடுத்த ஆண்டே ரஷிய - ஜப்பானியப் போர் தொடங்கியது. மஞ்சூரியாவின் ஹார்பின் நகருக்கு மருத்துவராகச் சென்றார். அவர் வாழ்வின் திருப்புமுனை அங்குதான் நிகழ்ந்தது.

துப்பாக்கிக் குண்டுகளும் எறிகுண்டுச் சிதறல்களும் துளைத்த கை கால்களோடு வீரர்கள் வந்து குவிந்தனர். பலருக்குத் தமனியின் சுவர் கிழிந்து, அந்த இடத்தில் ரத்தம் தேங்கிப் பை போல வீங்கியிருந்தது. வீங்கிய தமனியைக் கட்டி அடைக்காவிட்டால் அது வெடித்து உயிர் போகும். கட்டி அடைத்தாலோ, அதற்குக் கீழே ரத்தம் போகாமல் கையோ காலோ அழுகிப் போகலாம். சிலருக்குத் தமனியைக் கட்டிய பின்னும் கால் பிழைத்தது, சிலருக்குப் பிழைக்கவில்லை. யாருக்குப் பிழைக்கும் என்பதைக் கத்தி எடுப்பதற்கு முன்பே அறிய வழியுண்டா என்பதுதான் கொரோட்கோவின் மனத்தைக் குடைந்த கேள்வி.

அந்தக் கேள்வியின் உட்பொருளைத் திருச்சி மக்கள் எளிதில் புரிந்துகொள்வார்கள். ஸ்ரீரங்கத்தையும் திருச்சியையும் இணைக்கும் காவிரிப் பாலம், 2022-இன் இறுதியில் பழுதுபார்ப்புக்காக மூடப்பட்டு, 2023-இன் தொடக்கத்தில்தான் மீண்டும் திறக்கப்பட்டது. அந்த மாதங்களில் இரு கரைகளுக்கும் இடையிலான போக்குவரத்து நின்றுபோகவில்லை. சுற்றிச் செல்லும் வேறு பாலம் இருந்ததால், நேரம் கூடினாலும் வண்டிகள் போய்ச் சேர்ந்தன. வேறு பாலமே இல்லாதிருந்தால் தீவின் கதி என்னவாகியிருக்கும்? உடலிலும் முதன்மைத் தமனி அடைபட்டால், அதைச் சுற்றியுள்ள சிறு கிளை நாளங்கள் விரிந்து ரத்தத்தைச் சுமக்கின்றன. அந்தக் கிளைகளின் வலிமை ஆளுக்கு ஆள் வேறுபடும். அந்த வலிமையை அளக்கும் வழியைத்தான் கொரோட்கோவ் தேடினார்.

தமனி வீக்கங்களின்மீது காதை வைத்துக் கேட்க வேண்டும் என்பது, ரஷிய அறுவை மருத்துவத்தின் முன்னோடி பிரோகோவ் விட்டுச் சென்ற அறிவுரை. கொரோட்கோவ் அதைக் கடைப்பிடித்தார். அடிபட்ட தமனியை அழுத்தியும் விட்டும், ஸ்டெதஸ்கோப்பை வைத்துப் பொறுமையாகக் கேட்டார். அப்போது ஓர் ஒழுங்கு அவருக்குப் புலப்பட்டது. தமனியை முழுவதுமாக நசுக்கினால் ஓசை இல்லை. அழுத்தத்தை மெல்லத் தளர்த்தினால் திடீரென ஒரு தட்டல் ஓசை. மேலும் தளர்த்தினால் இரைச்சல். பிறகு மீண்டும் ஓசை. இறுதியில், தமனி முழுவதும் திறந்துகொண்டதும் மௌனம்.

இத்தாலிய மருத்துவர் ரிவா-ரோச்சி, கையைச் சுற்றிக் கட்டும் காற்றுப்பட்டையையும் பாதரச அளவுகோலையும் 1896-லேயே அறிமுகப்படுத்தியிருந்தார். ஆனால், மணிக்கட்டில் விரல் வைத்து நாடி மறைவதையும் திரும்புவதையும் உணர்ந்துதான் அழுத்தத்தைக் கணிக்க வேண்டியிருந்தது. இதயம் சுருங்கும்போதுள்ள மேல் அழுத்தம் மட்டுமே அதில் கிடைத்தது. கொரோட்கோவ் அந்தப் பட்டைக்குக் கீழே, முழங்கையின் மடிப்பில் ஸ்டெதஸ்கோப்பை வைத்தார். முதல் ஓசை கேட்கும் அளவு மேல் அழுத்தம். ஓசை மறையும் அளவு, இதயம் விரியும்போதுள்ள கீழ் அழுத்தம். இரண்டும் ஒரே முயற்சியில் கிடைத்தன.

1905 நவம்பரில் ராணுவ மருத்துவக் கழகத்தின் அறிவியல் கூட்டத்தில் இதை அவர் அறிவித்தார். அச்சில் அந்த அறிவிப்பு ஒரு பக்கத்தைக்கூட நிரப்பவில்லை. மருத்துவ வரலாற்றில் இவ்வளவு சிறிய கட்டுரை இவ்வளவு பெரிய பயனைத் தந்ததற்கு வேறு எடுத்துக்காட்டு காண்பது கடினம். அவர் கேட்பது இதயத்தின் ஓசையாக இருக்கலாமே என்று கூட்டத்தில் ஐயம் எழுப்பப்பட்டது. ஓசை பட்டைக்குக் கீழே, குறுகிய தமனியிலேயே பிறக்கிறது என்று கொரோட்கோவ் விளக்கினார். விலங்குகளில் சோதித்துப் பார்த்த முடிவுகளோடு அடுத்த மாதமே மீண்டும் வந்தார். பேராசிரியர் யானோவ்ஸ்கி இந்த முறையின் அருமையை உடனே உணர்ந்தார். அவருடைய துறையினர் நோயாளிகளிடம் அதைச் சோதித்து உறுதிப்படுத்தினர். சில ஆண்டுகளில் ஐரோப்பா முழுவதும் அது பரவியது.

கண்டுபிடித்தவரோ புகழின் பின்னால் போகவில்லை. சைபீரியாவின் வித்திம் - ஒலேக்மின்ஸ்க் சுரங்கப் பகுதிக்கு மருத்துவராகச் சென்றார். 1910-இல் முனைவர் பட்ட ஆய்வை முடித்தார். அதன் பொருளும் கிளைத் தமனிகளின் வலிமையை அளப்பதுதான். உலகம் அவரை ரத்த அழுத்தத்தோடு சேர்த்து நினைவில் வைத்திருக்கிறது. அவருடைய சொந்தக் கேள்வி, அடைபட்ட தமனிக்குக் கீழே உயிர் எப்படிப் பிழைக்கிறது என்பதாகவே கடைசி வரை இருந்தது.

பின்னர் லேனா ஆற்றங்கரைத் தங்கச் சுரங்கத் தொழிலாளர்களுக்கு அவர் மருத்துவம் பார்த்தார். 1912-இல் அங்கே வேலைநிறுத்தம் செய்த தொழிலாளர்கள்மீது ராணுவம் துப்பாக்கிச்சூடு நடத்திப் பலரைக் கொன்றது. அந்நிகழ்ச்சி அவரை ஆழமாகப் பாதித்தது என்பர். அதன் பிறகு தலைநகர் திரும்பினார். முதல் உலகப் போரின்போது, உடலுறுப்பை இழந்த வீரர்களுக்கான இல்லத்தில் அறுவை மருத்துவராகப் பணியாற்றினார். புரட்சிக்குப் பின் பெத்ரோகிராத் நகரின் மெச்னிக்கோவ் மருத்துவமனையில் தலைமை மருத்துவரானார். 1920 மார்ச் 14 அன்று, காசநோய் அவர் உயிரைப் பறித்தது. அப்போது அவருக்கு வயது 46.

இதே தலைமுறையைச் சேர்ந்த மற்றொரு மருத்துவரை இங்கே நினைவுகூர்வது பொருத்தம். கொரோட்கோவ் பிறந்து ஆறு ஆண்டுகளுக்குப் பின், 1880-இல் ஸ்ரீரங்கத்தில் பிறந்தவர் டி.எஸ்.எஸ். ராஜன். இங்கிலாந்தில் மருத்துவம் பயின்று, திருச்சியில் மருத்துவமனை நடத்தினார். 1930 ஏப்ரல் 13 அன்று ராஜாஜி தலைமையில் வேதாரண்யம் உப்பு சத்தியாகிரக நடைப்பயணம் புறப்பட்டது திருச்சியில் இருந்த அவர் இல்லத்திலிருந்துதான். 1937-இல் சென்னை மாகாண அமைச்சரவையில் பொது சுகாதாரத் துறைக்குப் பொறுப்பேற்றார். மருத்துவரின் கடமை மருந்துச் சீட்டோடு முடிவதில்லை என்பதை, ஒருவர் சுரங்கத்திலும் மற்றவர் சிறையிலும் அமைச்சகத்திலுமாக வாழ்ந்து காட்டினர்.

அந்தக் கடமை இன்று நம்மிடம் கேட்பது என்ன? ரத்தக்கொதிப்பு முதியோரின் நோய் என்ற எண்ணத்தைக் கைவிடுவதுதான் அதன் முதல் படி.

உடல் பருமனும், உப்பு மிகுந்த தின்பண்டங்களும், ஓடி ஆடாத வாழ்க்கையும் வளரிளம் பருவத்தினரின் ரத்த அழுத்தத்தை உயர்த்தி வருவது உண்மை. ஆனால் சிறு குழந்தை ஒன்றுக்கு அழுத்தம் கடுமையாக உயர்ந்திருந்தால், அதற்குப் பின்னால் பெரும்பாலும் ஒரு குறிப்பிட்ட காரணம் ஒளிந்திருக்கும். சிறுநீரக நோய் அவற்றில் முதன்மையானது. அடுத்து நிற்பது, தமனி எங்கேனும் குறுகியிருப்பது. கொரோட்கோவ் காற்றுப்பட்டையால் சில நொடிகள் உண்டாக்கிய குறுக்கத்தை, அந்தக் குழந்தை இரவும் பகலும் உள்ளே சுமந்துகொண்டிருக்கிறது.

சிறுநீரகத்துக்குச் செல்லும் தமனி குறுகினால் ஏன் உடல் முழுவதும் அழுத்தம் ஏற வேண்டும்? காவிரிப் படுகையில் வாழ்வோருக்கு இதை விளக்குவது எளிது. மேலே எங்கோ வாய்க்கால் தூர்ந்திருக்கிறது. கடைமடை விவசாயிக்குத் தண்ணீர் வரவில்லை. அணையில் நீர் குறைவு என்று எண்ணிக்கொண்டு, இன்னும் திறந்துவிடுங்கள் என்று அவர் குரல் எழுப்புகிறார். அணை திறக்கப்படுகிறது; வழியில் உள்ள வயல்களெல்லாம் மூழ்குகின்றன; கடைமடைக்கு மட்டும் நீர் போதவில்லை. சிறுநீரகம் அந்தக் கடைமடை விவசாயி. தனக்கு வரும் ரத்தம் குறைந்ததும், உடலில் ரத்தமே குறைந்துவிட்டதாகக் கருதி, ரெனின் என்ற பொருளைச் சுரக்கிறது. அதன் தொடர் விளைவாக நாளங்கள் இறுகுகின்றன, உடல் உப்பையும் நீரையும் தேக்கி வைக்கிறது, அழுத்தம் ஏறுகிறது. நாய்களின் சிறுநீரகத் தமனியைக் கவ்வியால் இறுக்கி, நிலையான உயர் அழுத்தத்தை உண்டாக்கிக் காட்டியவர் அமெரிக்க மருத்துவர் ஹாரி கோல்ட்பிளாட். அந்த ஆய்வு 1934-இல் வெளிவந்தது.

இந்தியக் குழந்தைகளிடமும் இளம் பெண்களிடமும் இத்தகைய குறுக்கத்துக்கு முதன்மையான காரணங்களுள் ஒன்று தகயாசு நோய். பெருந்தமனியின் சுவரும் அதன் கிளைகளின் சுவரும் அழற்சியால் தடித்து, உட்புறம் குறுகிப்போகும் நோய் இது. கண்ணின் ரத்த நாளங்களில் விசித்திரமான மாற்றங்களைக் கண்டு 1908-இல் எழுதிய ஜப்பானியக் கண் மருத்துவர் மிகிதோ தகயாசுவின் பெயரால் அது வழங்குகிறது. ரஷியாவும் ஜப்பானும் போரிட்டுச் சில ஆண்டுகளே கழிந்திருந்தன. போரின் ஒரு தரப்பில் பணிபுரிந்த மருத்துவர், குறுகிய தமனியின் ஓசையைக் கேட்டார். மறு நாட்டு மருத்துவர், தமனி குறுகும் நோய் ஒன்றின் சுவட்டைக் கண்டார். இருவரின் பணியும் இன்று ஒரே குழந்தையின் படுக்கையருகே சந்திக்கின்றன.

தகயாசு நோய்க்கு நாடியற்ற நோய் என்றும் ஒரு பெயருண்டு. கைக்குச் செல்லும் தமனியே குறுகிவிட்டால், அந்தக் கையில் நாடி மங்கும். அழுத்தமும் குறைவாகவே காட்டும். உடலின் மற்ற பகுதிகளில் அழுத்தம் கொதித்துக்கொண்டிருக்க, அளந்த கை மட்டும் எல்லாம் நலம் என்று பொய் சொல்லும். அதனால்தான் ஐயம் எழும்போது இரண்டு கைகளிலும் இரண்டு கால்களிலும் அளக்க வேண்டும் என்கிறது மருத்துவம்.

பிறவியிலேயே பெருந்தமனி ஓரிடத்தில் இறுகியிருப்பது இன்னொரு வகை. குறுக்கத்துக்கு மேலே உள்ள கைகளில் அழுத்தம் மிகுதியாகவும், கீழே உள்ள கால்களில் குறைவாகவும் இருக்கும். இயல்பான உடலில் காலின் அழுத்தம் கையினுடையதைவிடச் சற்றுக் கூடுதலாக இருக்க வேண்டும். தலைகீழாக இருந்தாலோ, தொடையின் மடிப்பில் நாடி மெலிந்தோ தாமதமாகவோ வந்தாலோ, அதுவே எச்சரிக்கை. சிலருக்கு இடக்கைக்குச் செல்லும் தமனியும் குறுக்கத்தில் சிக்கியிருக்கும். ஆகவே குழந்தைகளுக்கு வலக்கையில் அளப்பதே முறை. சுவீடன் நாட்டு அறுவை மருத்துவர் கிளாரன்ஸ் கிராஃபோர்ட், 12 வயதுச் சிறுவன் ஒருவனின் குறுகிய பெருந்தமனிப் பகுதியை 1944-இல் வெட்டி நீக்கி, இரு முனைகளையும் இணைத்து வெற்றி கண்டார். அதுவரை இளமையிலேயே உயிரைக் குடித்துவந்த குறை, அன்று முதல் சரிசெய்யக்கூடியதாயிற்று.

சரிசெய்யக்கூடியது என்ற இந்தச் சொல்தான் முக்கியம். முதியவரின் ரத்தக்கொதிப்பைப் பெரும்பாலும் கட்டுப்படுத்த மட்டுமே இயலும். தமனிக் குறுக்கத்தால் வந்த குழந்தையின் ரத்தக்கொதிப்பையோ, பல வேளைகளில் அதன் வேரிலேயே தணிக்கலாம். முதலில் மருந்துகளால் அழுத்தத்தைப் படிப்படியாக இறக்குவார்கள். அழற்சி நோயாக இருந்தால் அதை அடக்கும் மருந்துகள் தரப்படும். குறுகிய இடத்தைப் பலூன் கொண்டு விரிப்பதும், தேவைப்பட்டால் ஸ்டென்ட் பொருத்துவதும், அறுவைச் சிகிச்சையால் புதிய வழி அமைப்பதும் அடுத்த கட்டங்கள். அதன் பின்னும் ஆண்டுக்கணக்கில் கண்காணிப்பு தேவை. விரிந்த தமனி மீண்டும் குறுகக்கூடும்.

மருந்திலும் ஒரு நுட்பம் உண்டு. பெரியவர்களுக்கு வழக்கமாகத் தரப்படும் சில ரத்த அழுத்த மாத்திரைகள், இரண்டு சிறுநீரகத் தமனிகளும் குறுகியுள்ள குழந்தைக்குச் சிறுநீரகத்தின் வேலையையே முடக்கிவிடலாம். வீட்டில் தாத்தா விழுங்கும் மாத்திரையில் பாதியைப் பேரனுக்குக் கொடுக்கும் துணிச்சல் ஒருபோதும் கூடாது. உப்பைக் குறைப்பது எல்லாக் குழந்தைகளுக்கும் நல்லது. ஊறுகாயையும் அப்பளத்தையும் பொட்டலத் தின்பண்டங்களையும் ஓரங்கட்டுவது நல்லது. ஆயினும் குறுகிய தமனியை உணவுக் கட்டுப்பாடு விரித்துவிடாது. காரணத்தைக் கண்டறியாத பத்தியம், நோய்க்கு நேரத்தைத் தானம் செய்வதாகும்.

காரணத்தைத் தேடுவதற்கு முன் அழுத்தம் உயர்ந்திருப்பதே தெரிய வேண்டும். சிக்கல் இங்கேதான். அழுத்தம் உயர்ந்த குழந்தை பெரும்பாலும் எந்த அறிகுறியும் காட்டாது. பள்ளிக்குப் போகும், விளையாடும், தூங்கும். சில குழந்தைகளுக்குத் தலைவலி, மூக்கிலிருந்து ரத்தம், பார்வை மங்கல், ஓடினால் கால் வலி ஆகியவை இருக்கலாம். தலைவலிக்குக் கைப்பேசியும், பார்வை மங்கலுக்குக் கண்ணாடியும், கால் வலிக்கு வளர்ச்சியும் காரணமாகச் சொல்லப்பட்டு ஆண்டுகள் நழுவிவிடும். இதயச் சுவர் தடித்தோ, வலிப்பு வந்தோ, பக்கவாதம் தாக்கியோ அழைத்து வரப்படும் நாளில்தான் முதன்முதலாக அந்தப் பிஞ்சுக் கையில் பட்டை சுற்றப்படும்.

மூன்று வயது முதல் ஒவ்வொரு குழந்தைக்கும் ஆண்டுக்கு ஒரு முறையேனும் ரத்த அழுத்தம் அளக்கப்பட வேண்டும் என்று அமெரிக்கக் குழந்தை மருத்துவக் கழகம் 2017-இல் வெளியிட்ட வழிகாட்டுதல் கூறுகிறது. சிறுநீரக நோய், பிறவி இதயக் குறை போன்றவை உள்ள குழந்தைகளுக்கு அதற்கும் முன்பே தொடங்கவேண்டும். குழந்தைக்கு எது இயல்பு என்பதற்கு ஒற்றை எண் கிடையாது. வயது, பாலினம், உயரம் ஆகிய மூன்றையும் வைத்து அட்டவணையில் ஒப்பிட வேண்டும். பெரியவருக்கு உகந்த எண் ஆறு வயதுச் சிறுமிக்கு ஆபத்தான எண்ணாக இருக்கலாம். ஒரே நாளின் அளவை வைத்து முடிவு கட்டுவதும் தவறு. வெவ்வேறு நாள்களில் மூன்று முறை உயர்ந்திருந்தால்தான் நோய் என்று உறுதி செய்வர்.

பட்டையின் அளவு அனைத்திலும் முக்கியம். உள்ளிருக்கும் காற்றுப்பையின் அகலம், மேற்கையின் சுற்றளவில் குறைந்தது 40 விழுக்காடாகவும், நீளம் 80 முதல் 100 விழுக்காடு வரையும் இருக்க வேண்டும். பெரியவரின் பட்டையை மெலிந்த கையில் சுற்றினால், உண்மையான அழுத்தத்தைவிடக் குறைவாகவே காட்டும். உயர் அழுத்தம் உள்ள குழந்தை, நலமாக இருப்பதாகச் சொல்லப்பட்டு வீட்டுக்கு அனுப்பப்படும். குழந்தையைச் சில நிமிடங்கள் அமைதியாக உட்கார வைத்து, முதுகுக்குச் சாய்மானமும் பாதங்களுக்குத் தரையும் தந்து, கையை இதயத்தின் உயரத்தில் தாங்கி அளக்க வேண்டும். தானியங்கிக் கருவிகள் வந்துவிட்ட இந்நாளிலும், அவை காட்டும் உயர்வைக் கொரோட்கோவின் முறைப்படி காதால் கேட்டே குழந்தைகளிடம் உறுதி செய்கிறார்கள்.

தமிழ்நாட்டுக்கு இது எட்டாத இலக்கன்று. 2021 ஆகஸ்டில் தொடங்கப்பட்ட மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தின் மூலம் பெரியவர்களின் ரத்த அழுத்தம் அவர்களுடைய வீட்டு வாசலிலேயே அளக்கப்படுகிறது. பாட்டியின் கையில் பட்டை சுற்றப்படும் அதே திண்ணையில்தான் பேத்தியும் உட்கார்ந்து வேடிக்கை பார்க்கிறாள். 2013 முதல் நடைமுறையில் உள்ள தேசியச் சிறார் நலத் திட்டத்தின் மருத்துவக் குழுக்கள் அங்கன்வாடிகளுக்கும் அரசுப் பள்ளிகளுக்கும் செல்கின்றன. எடை, உயரம், பார்வை ஆகியவற்றோடு ரத்த அழுத்தமும் ஒவ்வொரு குழந்தைக்கும் ஆண்டுதோறும் குறிக்கப்படுமானால், மறைந்திருக்கும் குறுக்கங்கள் பல வெளிச்சத்துக்கு வரும். இதற்குத் தேவை மூன்று அளவுகளில் பட்டைகள், ஓர் அட்டவணை, சில நிமிடப் பொறுமை. அரசு மருத்துவக் கல்லூரி உள்ள திருச்சி போன்ற நகரங்கள் இதை முன்னெடுத்துக் காட்டலாம்.

பெற்றோருக்கும் இதில் பங்குண்டு. காய்ச்சலுக்கோ தடுப்பூசிக்கோ மருத்துவரிடம் செல்லும்போது, குழந்தையின் ரத்த அழுத்தத்தையும் ஒரு முறை பார்த்துவிடுங்கள் என்று கேட்பதில் தயக்கம் தேவையில்லை. தகயாசு நோய் பெண்களையே அதிகம் தாக்குகிறது. சிகிச்சைக்குப் பின்னும் மாத்திரையும் மருத்துவமனைப் பயணமும் தொடரும் என்பதால், பெண் குழந்தை விஷயத்தில் திருமணப் பேச்சை எண்ணி நோயை மறைக்கும் வழக்கம் இன்னும் அற்றுவிடவில்லை. மறைக்கப்படும் நோய் மறைவதில்லை. தமனி குறுகிக்கொண்டேதான் போகும்.

2018 ஆகஸ்ட் 22 அன்று, முக்கொம்பில் கொள்ளிடம் அணையின் ஒன்பது மதகுகள் வெள்ளத்தில் உடைந்து அடித்துச் செல்லப்பட்டதைத் திருச்சி மறந்திருக்காது. ஏறத்தாழ 180 ஆண்டுகளாக நின்ற கட்டுமானம் ஓர் இரவில் சரிந்தது. உடைந்த பின் எழுந்த ஓசை ஊருக்கெல்லாம் கேட்டது. அழுத்தம் ஏறிக்கொண்டிருந்தபோது உள்ளே எழுந்த ஓசையைக் கேட்க, அருகே சென்று காது கொடுக்க வேண்டும்.

போர்க்களத்து மருத்துவமனையில், காயம்பட்ட மனிதர்களின் கை கால்களைக் காப்பாற்றும் ஏக்கத்தோடு அப்படிக் காது கொடுத்தார் கொரோட்கோவ். அவர் விட்டுச் சென்றது ஒரு பக்கத்துக்கும் குறைவான எழுத்து. அதைச் செய்து பார்க்க ஆகும் நேரம் சில நிமிடங்கள். அந்தச் சில நிமிடங்களை நம் குழந்தைகளுக்கு ஒதுக்குவதே அவருக்கு நாம் செலுத்தும் உண்மையான நன்றியாகும்.